மேசையின் உயரம்

பத்து நிமிடம் தந்திருக்கிறீர்கள்.
நான் பேச்சாளன் இல்லை.
இந்த மீன் ஆலையில் பட்டை மாற்றுகிறவன்,
பல்சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறவன்.
எனக்குத் தெரிந்தது மேசை.
அதைப் பற்றியே சொல்கிறேன்.

காட் மீனைக் கீறும் எஃகு மேசையின் உயரம்
தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.
யார் வைத்த அளவு என்று எவரும் கேட்டதில்லை.
இந்த ஃபியோர்டின் ஆழத்தைப் போல
அது அப்படித்தான் என்று இருந்தோம்.
பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் பார்த்தேன்:
எண்பத்தொன்பதில், வரிசையில் முதல் ஆளாக நின்ற
கெட்டிலின் இடுப்பெலும்புக்கு அளவெடுத்திருக்கிறார்கள்.
கெட்டில் ஆறடி மூன்றங்குலம்.

ஒருவனுக்குத் தைத்த சட்டையை
முப்பது வருடம் ஊரே போட்டுக்கொண்டோம்.
கை எட்டாதவர்களைப் பார்த்துச் சிரித்தோம்.
நானும்தான். சம்பள உயர்வுக் கூட்டத்தில்
'தகுதிதான் முக்கியம்' என்று மேசையைத் தட்டியவன் நான்.
தகுதி என்று நான் சொன்னது
அந்த மேசைக்கு எட்டுவதைத்தான்
என்று அப்போது தெரியாது.

எட்டாதவர்கள் மீன் பெட்டியைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறி நின்றார்கள்.
லிகாயா நின்றாள், எட்டு மணி நேரம்,
ஒரு முழ அகலத்தில் பாதங்களைச் சேர்த்து,
கையில் கத்தி, காலடியில் மீன்சளி.
பிப்ரவரியில் ஒரு காலை,
சூரியன் மலைக்கு அந்தப் பக்கமே இருந்தது,
பெட்டி வழுக்கியது.
மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

விபத்துப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'கவனக்குறைவு' என்று எழுதினேன்.
என் கையெழுத்து இன்னும் கோப்பில் இருக்கிறது.
யாருடைய கவனக்குறைவு என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.

அப்புறம்தான் மேசையின் காலை அறுத்தேன்.
ஒரு தண்டு, ஒரு திருகு, ஒரு பொத்தான்;
நிற்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.
லிகாயாவுக்காகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.
முதல் வாரமே போகுமிலா
தன்னுடையதைக் கொஞ்சம் ஏற்றினாள்.
டெக்லே மதியத்துக்கு மேல் இறக்குவான்
(முதுகு வலி என்று அவன் சொன்னதே இல்லை;
எங்களில் யார் எப்போது கேட்டோம்?).
கெட்டில், ஆமாம், அதே கெட்டில்,
முட்டி அறுவைக்குப் பிறகு முக்காலி போட்டு
பத்து விரற்கடை தாழ்த்திக்கொண்டார்.
நன்றி சொல்லவில்லை.
பொத்தானை அமுக்கும்போது
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்.

ரெய்க்யாவிக்கிலிருந்து வந்தவர்
இப்போது திரையில் ஓர் அம்பு காட்டினார்.
பலதரப்பட்டவர்களைச் சேர்த்தால் லாபம் ஏறுமாம்.
ஏறலாம்.
என் சட்டைப்பையிலும் எண்கள் இருக்கின்றன,
எடுக்கப் போவதில்லை.
அடுத்த வருடம் காட் வேறு கடலுக்குப் போய்
உங்கள் அம்பு தலைகீழானால்
மேசையைத் தொண்ணூற்றெட்டில் வைத்துப்
பற்றவைக்கச் சொல்வீர்களா?
லிகாயாவிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது யார்?
நானா?

அவர்கள் வேலைக்கு வந்தவர்கள்.
நம் அதிர்ஷ்டத்துக்கு வந்தவர்கள் இல்லை.
ஒரு மனுஷி தன் முழங்கை மடங்கும் இடத்தில் நின்று
மீன் நறுக்குவதற்கு
லாபம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். தெரிகிறது.
இன்னும் ஒன்றுதான்.

இதையெல்லாம் பேச வேண்டியவள் ஆல்ஃப்தீஸ்.
எடை போடும் இடத்தில் பதினோரு வருடம்.
என்னைவிட நன்றாகப் பேசுவாள்,
நடுவில் இரண்டு கெட்ட வார்த்தையும் வரும்.
காலையில் என்னோடுதான் புறப்பட்டாள்.
இந்த அறைக்கு இருபத்திரண்டு படி.
ஏறும்போது எண்ணினேன்,
இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.
அவள் சக்கர நாற்காலியில் கீழே இருக்கிறாள்,
காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில்,
தாளை மடியில் வைத்துக்கொண்டு.

கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.
கீழே இறங்குங்கள்.